பழைய வண்டியும் பொருள் வரையறையும்
(இல்லறத்தார்க்கான பாடம்)

பாடத்தின் நோக்கம்

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், வகுப்பெடுக்கப் புறப்படும் மாணவ ஆசிரியர்களிடம் நாங்கள் முதலில் கேட்கும் வினா ஒன்றுதான்: "இப்பாடம் முடிந்தபின் மாணவன் எதைச் செய்யத் தெரிந்தவனாக இருப்பான்?" அவ்வினாவை இன்று எங்களையே கேட்டுக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். இதனைப் படித்து முடிக்கும் அன்பர், தம் இல்லத்திலுள்ள பழைய பொருள் ஒன்றைக் குறித்து, 'இதனை நாம் வைத்திருப்பது எளிமையாலா, பற்றினாலா, வெறும் சோம்பலாலா?' என்று பிரித்தறிய வல்லவராதல் வேண்டும். அதுவே நோக்கம்.

எடுத்துக்காட்டாக நாங்கள் எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு அம்பாசிடர் வண்டியை. அது கண்ணைக் கவரும் வண்டியன்று. 'ஓடச் சொன்னால் ஓடும். நிற்கச் சொன்னால் நிற்கும். அவ்வளவே' என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தோம். அவற்றுள் இரண்டாவது கூற்று ஒருநாள் பொய்த்தது. அதனையும் மறைக்காமல் கூறுவோம்.

ஆயத்தம்

1994ஆம் ஆண்டு. தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து கடலூர் மாவட்டம் தோன்றி ஓராண்டுகூட நிறையாத காலம். எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். இல்லத்தலைவரின் அலுவலகம் சிதம்பரத்தில். நோயுற்றிருந்த மாமியாரை மாதம் இருமுறை சிதம்பரத்திலிருந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. நெரிசலான பேருந்தில் அவரை ஏற்றி இறக்குவது பெரும்பாடு. அந்நிலையில், ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் தமது வண்டியை விற்கப் போவதாக அறிந்து வாங்கினோம். 1985இல் செய்யப்பட்டது, வெள்ளை நிறம், முன்புறம் மூவர் அமரத்தக்க ஒரே நீள இருக்கை, ஸ்டியரிங் தண்டிலேயே கைப்பிடியாக அமைந்த கியர்.

அன்று முதல் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று அச்சாலையின் ஒவ்வொரு வளைவும் அவ்வண்டிக்கு மனப்பாடம் ஆயிற்று எனலாம். விழுப்புரம்–மயிலாடுதுறை இருப்புப்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2010இல் திறக்கப்படும்வரை சில ஆண்டுகள் தொடர்வண்டியே இல்லை. அந்நாட்களில் அண்டை வீட்டாரின் அவசரங்களுக்கும் எங்கள் வண்டியே சென்று வந்தது. ஆகவே அதனை வாங்கியது தேவையினால், அதில் ஐயமில்லை. தேவையினால் வந்த பொருள் எப்போது பற்றாக மாறுகிறது என்பதே இப்பாடத்தின் வினா.

வண்டியின் வரலாறு

இளையோர் பலர் அம்பாசிடரைப் பழைய திரைப்படங்களில் மட்டுமே கண்டிருப்பர். ஆகவே அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். பிர்லா குடும்பத்தினர் 1942இல் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இவ்வண்டியைச் செய்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியே இதற்கு மூலம். 1957இல் அம்பாசிடர் என்னும் பெயருடன் வெளிவந்தது. பின்னர் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா எனப் பெயர்கள் மாறின. முகப்பும் விளக்கும் சற்றே மாறின. உருவமோ பெரிதும் மாறவில்லை.

இறக்குமதியும் உற்பத்தியும் அரசின் உரிமத்துக்குள் அடங்கியிருந்த காலமாதலால், வாங்குவோர்க்குத் தேர்ந்தெடுக்க மிகுதியாக எதுவும் இல்லை. அம்பாசிடர், ஃபியட் என வழங்கிய பத்மினி, நம் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றுள் ஒன்று. அதற்கும் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். 1983இல் மாருதி 800 வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றது. 57 ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே உருவில் ஒரு வண்டி செய்யப்பட்டது என்றால், அதனைக் குறை என்றும் கூறலாம். நிறை என்றும் கூறலாம். மாறாததால் மேம்படவில்லை, மாறாததால்தான் அதன் உதிரி பாகம் எவ்வூரிலும் கிடைத்தது.

நம்பகம் என்பது யாது?

'நம்பத்தக்க வண்டி' என்றால் பழுதாகாத வண்டி என்று பலர் எண்ணுவர். அம்பாசிடர் பழுதாகும், அடிக்கடி ஆகும். கத்தரி வெயிலில் பெட்ரோல் பம்பு சூடேறி, குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, வண்டி நடுவழியில் நின்றுவிடும். அப்போது பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால்மணி நேரம் புளியமர நிழலில் அமர்ந்திருந்தால், மீண்டும் புறப்படும். ஃபேன் பெல்ட் அறும், பாயிண்ட் தேயும், ரேடியேட்டர் கொதிக்கும். ஆயின் இவை யாவும் காரணம் அறிந்த பழுதுகள். சிற்றூர்ப் பட்டறையிலும் சரிசெய்யத்தக்கவை. பழுதாகாமை வேறு, பழுது விளங்குமாறு அமைந்திருத்தல் வேறு. நாங்கள் நம்பியது இரண்டாவதனை.

2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் வெள்ளத்தில் தத்தளித்ததை வாசகர் மறந்திரார். எங்கள் தெருவில் நின்ற வண்டிகள் அனைத்திலும் நீர் புகுந்தது. அண்டை வீட்டாரின் புதிய வண்டியில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி நனைந்துவிட்டதால், அதனை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. எங்கள் மெக்கானிக்கோ என்ஜின் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை வெயிலில் உலர்த்தினார். மூன்றாம் நாள் வண்டி புறப்பட்டது. அன்று எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இயல்பே. அதனுடன் சேர்ந்து ஒரு செருக்கும் ஏற்பட்டதை அப்போது நாங்கள் உணரவில்லை.

பாடப்பொருள்: ஐந்து வழுக்கல்கள்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவது, பொருளுக்கு அளவு வரையறுத்துக்கொள்ளுதல். சமந்தபத்திர ஆசாரியர் தமது இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இவ்விரதம் பழுதுபடும் வழிகள் ஐந்தனைக் குறிப்பிடுகிறார். அளவுக்கு மீறி வாகனத்தை ஓட்டுதல், அளவுக்கு மீறிச் சேர்த்தல், செல்வம் கண்டு வியத்தல், உலோபம், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல் என்பன அவை. அக்காலத்தில் வாகனம் என்றது எருதையும் குதிரையையும் ஆதலால், உயிர்க்குத் துன்பம் நேருமே என்பது தெளிவு. இரும்பு வண்டிக்கு வலிக்காது. ஆகவே இவ்வைந்தும் அதற்குப் பொருந்தா என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். எங்கள் அனுபவத்தை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தபோதுதான் தெளிவு பிறந்தது.

முதலில், சேர்த்தல். 'எங்கள் வீட்டில் ஒரு வண்டிக்கு மேல் கொள்வதில்லை' என்பது எங்கள் வரையறை. 2014இல் உற்பத்தி நின்ற செய்தி வந்ததும், இனி பாகம் கிடைக்காதே என்ற அச்சம் இல்லத்தலைவரைப் பற்றிக்கொண்டது. சென்னைப் புதுப்பேட்டைக்குச் சென்று கார்புரேட்டர், டைனமோ, கியர் பெட்டி, கதவுக் கைப்பிடி என வாங்கி வந்தார். மறுமுறையும் சென்றார், அதற்கு மறுமுறையும் சென்றார். பின்கட்டு அறை நிறைந்தது. ஒருநாள் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ இன்னொரு வண்டியே அவ்வறைக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது! வரையறையின் சொல்லைக் காத்தோம், பொருளைக் கைவிட்டோம்.

அடுத்து, வியத்தல். இது பிறர் செல்வத்தைக் கண்டு வாய்பிளப்பது மட்டும் என்றே கருதியிருந்தோம். உறவினர் புதுவண்டியில் வந்தால் நாங்கள் வியந்ததில்லை. மாறாக, 'இத்தனை பொத்தான்கள் எதற்கு? எங்கள் வண்டியைப் பாருங்கள், முப்பது ஆண்டாகிறது' என்போம். பழைய வண்டிகளை விரும்பிச் சேகரிக்கும் ஒருவர் சென்னையிலிருந்து வந்து, படமெடுத்து, பெருந்தொகை தருவதாகக் கூறியபோது, விற்கவில்லை என்பதை ஊரெங்கும் சொல்லி மகிழ்ந்தோம். தம் எளிமையைத் தாமே வியத்தலும் வியத்தலே. புதிய வண்டியைக் காட்டிப் பெருமை கொள்பவருக்கும், பழைய வண்டியைக் காட்டிப் பெருமை கொள்ளும் எங்களுக்கும் வேறுபாடு வண்டியின் வயதில் மட்டுமே இருந்தது.

எஞ்சிய மூன்றும் ஒரே நாளில் ஒன்றுகூடி எங்களுக்குப் பாடம் புகட்டின. 2018ஆம் ஆண்டு கோடை. மேல்சித்தாமூர் தேர்த்திருவிழாவுக்குப் புறப்பட்டோம். சில நாட்களுக்கு முன்னரே மெக்கானிக், "அம்மா, பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிவது போலிருக்கிறது. வீல் சிலிண்டரில் ரப்பர் மாற்ற வேண்டும், ஒருநாள் வண்டியை விடுங்கள்" என்று சொல்லியிருந்தார். செலவு சில நூறு ரூபாய். 'இத்தனை ஆண்டு ஓடிய வண்டிக்கு என்ன வந்துவிடும், திருவிழா முடியட்டும்' என்று தள்ளிப்போட்டோம். அதற்குச் சிக்கனம் என்று பெயரிட்டோம், அது உலோபம்.

ஐவருக்கான வண்டியில் குழந்தைகளுடன் ஒன்பது பேர் ஏறினோம். 'அம்பாசிடர் என்றால் ஊரே ஏறலாம்' என்பது வழக்கிலுள்ள வேடிக்கைப் பேச்சு. அது அதிபாரம். தேர் கண்டு திரும்பி, கடலூரில் தங்காமல், மகளையும் குழந்தைகளையும் சிதம்பரத்தில் விட்டுவிட அதே இரவே புறப்பட்டோம். விடியற்காலை முதல் ஓடிய வண்டி. எழுபதைக் கடந்த ஓட்டுநர். அது அதிவாகனம்.

ஆலப்பாக்கத்தைக் கடந்ததும், முன்னே பின்விளக்கு இல்லாத டிராக்டர் ஒன்று தென்பட்டது. இல்லத்தலைவர் பிரேக்கை மிதித்தார்; பெடல் தரையைத் தொட்டது. எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஆயில் செல்லும் வழி ஒன்றே. ஓரிடத்தில் ஆயில் வடிந்தால் நான்கிலும் பிடிப்பு போய்விடும். அவர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியைச் சாலையோர மணலில் இறக்கினார். வண்டி குலுங்கி நின்றது. முன் இருக்கையில் எங்கள் மடியிலிருந்த ஆறு வயதுப் பேத்தி, டேஷ்போர்டில் மோதி நெற்றியில் இரத்தம் கசிந்தாள். மருத்துவமனையில் மூன்று தையல். வேறெவர்க்கும் தீங்கில்லை, எதிரே வந்த பேருந்து ஒரு நொடி முந்தியிருந்தால் இக்கட்டுரையை எழுத ஆளிருந்திராது.

மறுநாள் பேத்தி கேட்டாள்: "வண்டி நம்மை ஏமாத்திடுச்சா பாட்டி?" விடை சொல்ல நா எழவில்லை. வண்டி யாரையும் ஏமாற்றவில்லை. கசிவைக் காட்டி எச்சரித்தது. 'நம்பத்தக்கது' என்ற சொல்லுக்குக் 'கவனிக்க வேண்டாதது' என்று நாங்களே பொருள் கொண்டோம். இரும்புக்கு வலியில்லை என்பது உண்மைதான். அதன்மீது நாம் இழைக்கும் பிழையின் வலி குழந்தையின் நெற்றிக்குப் போய்ச் சேர்கிறது.

ஒப்பிடல்

எங்கள் வண்டியின் பதிவு 2025இல் மீண்டும் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; அதன்பின் தகுதி ஆய்வு செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. வைத்துக்கொள்வதா, விடுவதா என்று குடும்பத்தார் அனைவரும் கூடி அமர்ந்தோம். பழக்கம் விடவில்லை, கரும்பலகையில் எழுதுவதுபோல் தாளின் நடுவே கோடிட்டு, இருபுறமும் எழுதச் சொன்னோம்.

விடுவதே நன்று என்றான் மகன். அவன் காரணங்கள் வலுவானவை. புதிய வண்டிகளில் காற்றுப்பை உண்டு. சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் உண்டு. மோதினால் முன்பகுதி மடங்கி உள்ளிருப்போரைக் காக்கும் அமைப்பு உண்டு. நம் வண்டியின் தடித்த தகடு பாதுகாப்புப் போலத் தோன்றும். மோதலின் வேகத்தை அது ஏற்காமல் உள்ளிருப்பவரிடம் கடத்திவிடும். புகையைத் தூய்மைப்படுத்தும் கருவியும் இதில் இல்லை. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு இது விடும் நச்சுப்புகை புதியதைவிட மிகுதி. எரிபொருளும் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. ஈயம் உடலுக்கு நஞ்சு. ஆனால் பழைய என்ஜின்களில் வால்வு அமரும் இடம் தேயாமல் காத்ததும் அதுவே. அதனால் நாங்கள் கடினமான வளையம் பொருத்த வேண்டி வந்தது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கக்கூடும். அவற்றையும் மாற்றினோம்.

வைத்துக்கொள்வதே நன்று என்றார் இல்லத்தலைவர். மாதம் இருமுறை ஓடும் வண்டிக்காகப் புதிதொன்று வாங்கினால், அதற்கு வேண்டிய இரும்பும் அலுமினியமும் எங்கோ மண்ணைத் தோண்டித்தான் வரவேண்டும். ஓடக்கூடியதை வீசிவிட்டு இன்னொன்றைச் செய்விப்பதும் ஆரம்பமே, அதாவது உயிர்க்கு ஊறு செய்யும் தொழிலே. கடனும் வேண்டாம். இவையும் வலுவானவையே. ஆயினும், "இது போனால் எனக்கு யாரும் இல்லாதது போலிருக்கும்" என்று அவர் மெல்லச் சொன்னபோது, தாளின் எப்பக்கத்தில் அதனை எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, பேத்திதான் எழுதுகோலை வாங்கி, கோட்டின்மேலேயே எழுதினாள்.

பயன்படுத்தல்

முடிவில் ஒரு வரையறை செய்துகொண்டோம். அதனை எழுதி, ஆர்.சி. புத்தகத்துடன் வைத்திருக்கிறோம்.

1. பதிவை 2025இல் புதுப்பித்தது இறுதி முறை. 2030இல் வண்டியைப் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைப்போம்.

2. திசைவிரதம் போல, வண்டிக்கும் எல்லை உண்டு: வடக்கே கடலூர், தெற்கே சிதம்பரம். அதற்கப்பால் தொடர்வண்டியோ பேருந்தோ.

3. நால்வருக்கு மேல் ஏறுவதில்லை. முன்னும் பின்னும் இருக்கைப் பட்டை பொருத்தியாயிற்று. குழந்தை மடியில் அமர்வதில்லை. இரவில் ஓட்டுவதில்லை. சிதம்பரத்து மருமகன் மட்டுமே ஓட்டுவார்.

4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குறை இருப்பினும் இல்லாவிடினும், பிரேக் பார்க்கப்படும். மெக்கானிக் சொன்ன வேலை முடியும்வரை வண்டி வாயிலைத் தாண்டாது.

5. வடித்த என்ஜின் ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றுவதில்லை. பல ஆண்டுகள் அதனை வேலிக் கம்பங்களில் கறையானுக்குத் தடவி வந்தோம். மண்ணிலுள்ள எத்தனை சிற்றுயிர்களுக்கு அது நஞ்சாயிற்றோ! இப்போது சேகரிப்போரிடம் சேர்க்கிறோம்.

6. பின்கட்டு அறையிலிருந்த பாகங்களுள் ஐந்தாண்டுக்குத் தேவையானவை போக, மற்றவற்றை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டோம். வேறு சில அம்பாசிடர்கள் அவற்றால் ஓடும்.

ஆறாவதுதான் கடினமாயிருந்தது. பாகங்கள் வெளியேறிய அன்று இல்லத்தலைவர் நெடுநேரம் அவ்வறையின் வாயிலிலேயே நின்றார். பின்னர் அறையைப் பெருக்கி, பேத்தி படிப்பதற்கு மேசை ஒன்றைப் போட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

தொகுப்பு

பழையதை வைத்திருப்பதாலேயே ஒருவர் பற்றற்றவர் ஆகிவிடமாட்டார். புதியதை வாங்குவதாலேயே ஆசைக்கு அடிமையும் ஆகிவிடமாட்டார். தேவை இருக்கிறதா, பேணுகிறோமா, விடும் நாள் குறித்திருக்கிறோமா என்ற மூன்று வினாக்களுக்கும் நேர்மையாக விடை கூற இயன்றால் அது பயன்படு பொருள். மூன்றாவதற்கு விடை கூற நா தயங்கினால், அங்கே பற்று ஒளிந்திருக்கிறது என்று அறிக. எங்களுக்கு இன்னும் தயக்கம் உண்டு. 2030 வரும்போது, எழுதிவைத்த தாளின்படி நடப்போமா என்பதே எங்களுக்குரிய தேர்வு.

வீட்டில் கலந்துரையாடுக

1. உங்கள் இல்லத்தில் இருபது ஆண்டு கடந்த பொருள் எது? அதனை வைத்திருப்பதற்கான காரணத்தை ஒரே தொடரில் எழுதுக. குடும்பத்தார் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிடுக.

2. சமந்தபத்திர ஆசாரியர் கூறிய ஐந்து வழுக்கல்களுள், உங்கள் வீட்டு வாகனத்துக்குப் பொருந்துவது எது? கைப்பேசிக்குப் பொருந்துவது எது?

3. சிக்கனம், உலோபம்: இரண்டுக்கும் உங்கள் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

4. (சிறுவர்க்கு) உங்கள் வீட்டு வண்டியின் பிரேக்கை இறுதியாகப் பார்த்த நாள் எது என்று பெரியோரைக் கேட்டு எழுதுக. விடை தெரியாவிடின் அன்றே பார்க்கச் சொல்லுக.